சும்மா கிடக்கிற கம்ப்யூட்டரை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: என் பையன் காலேஜில் கேட்டுவிட்டு வந்து, வீட்டு டெஸ்க்டாப்பை ராத்திரியில் விஞ்ஞான ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம், பாயிங்க் என்று ஒரு சாஃப்ட்வேர் போட்டால் போதும் என்கிறான். இதனால் நிஜமாகவே பயன் உண்டா? கரண்ட் பில் எகிறாதா? வைரஸ் பயமும் இருக்கிறது.
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தாராளமாகப் போடச் சொல்லுங்கள். பெரிய ஆராய்ச்சிக் கணக்குகளைத் துண்டு துண்டாக வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பிப் போடவைக்கும் சாஃப்ட்வேர்தான் பாயிங்க் (BOINC), அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானது. அவர்களுடைய தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள், வாட்ஸப்பில் யாராவது அனுப்பும் லிங்க்கைத் தொடவே வேண்டாம்.

பயன் உண்டா என்று கேட்டீர்களே, 2010-இல் பாயிங்க்கில் ஓடும் ஐன்ஸ்டைன் அட் ஹோம் என்ற விண்வெளி ஆராய்ச்சித் திட்டத்தில் ஒரு புதிய பல்சர் கிடைத்தது, நொடிக்கு 41 முறை சுழலும் நட்சத்திரம் அது. அரெசிபோ தொலைநோக்கி பதிவு செய்த தகவலை அலசி அதைப் பிடித்தவை அயோவாவில் ஒரு தம்பதியின் கம்ப்யூட்டரும் ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்தில் இன்னொருவருடைய கம்ப்யூட்டரும்தான். ஏன் இரண்டு என்றால், ஒரே கணக்கை இரண்டு வீடுகளுக்கு அனுப்பி, விடை ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே ஏற்றுக்கொள்வார்கள். கொழிஞ்சாம்பாறையில் ஓடும் கணக்குக்கும் அதே மரியாதைதான். எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

அடுத்தது கரண்ட். சும்மா இருக்கிற கம்ப்யூட்டர்தானே, செலவில்லை என்று நினைக்காதீர்கள், வேலை கொடுத்தால் பிராசசர் கூடுதலாக இழுக்கும். 100 வாட் கூடுதல் என்று வையுங்கள், ராத்திரி 8 மணி நேரத்துக்கு 0.8 யூனிட், இரண்டு மாத பில்லில் 48 யூனிட். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் 100 யூனிட் இலவசத்தை வைத்துச் சொல்லும் கணக்கு நமக்கு ஒத்துவராது. கேரளாவில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் தாண்டியதற்கு மட்டுமில்லை, முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே கூடின விலை போடுவார்கள். உங்கள் இரண்டு மாத பில் ஏற்கெனவே 470-இல் நிற்கிறது என்றால் இந்த 48 சேர்ந்து இரண்டு மாதத்துக்கான 500-ஐத் தாண்ட வைத்துவிடும். அதனால் முதலில் பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். அப்புறம் பாயிங்க்கின் செட்டிங்கில் எத்தனை சதவீதம் பிராசசர், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று குறைத்து வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, புழுதி. தை மாதப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓய்ந்த பிறகு என் டெஸ்க்டாப் சூடு 90 டிகிரியைத் தொட்டது, கழற்றிப் பார்த்தால் ஃபேன் இறக்கையில் புழுதி கம்பளி மாதிரி படிந்து கிடந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்ததும் சூடு இறங்கிவிட்டது. நீங்களும் மார்கழிக்கு முன்னால் ஒரு தடவை, பங்குனியில் ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் லேப்டாப்தான் இருக்கிறது. இதற்குக் காசு ஏதும் தருவார்களா?
- வாசகி, வேலந்தாவளம்

பதில்: காசு கிடையாது, பெயருக்கு நேரே புள்ளிகள் ஏறும், அவ்வளவுதான். காசு தருகிறோம், இதைப் போடுங்கள் என்று யாராவது வந்தால் அது உங்கள் கரண்ட்டில் பிட்காயின் மாதிரி எதையோ தோண்டும் வேலையாக இருக்கலாம், வேண்டாம். லேப்டாப் என்றால் மெத்தைமேல் வைக்காமல் மேசையில் வைத்து, பேட்டரியில் இருக்கும்போது ஓடாமல் செட்டிங்கில் நிறுத்திவிட்டு, பாதி பிராசசருக்கு மேல் கொடுக்காதீர்கள்.