தலை ஒடியும் போல்ட்: கழுத்தை எவ்வளவு கடைவது?

தோப்பில் ஸ்டார்ட்டர் பெட்டி களவு போவதால் ஷியர் போல்ட் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். இறுகியதும் மேல்தலை, அதற்கும் கீழே உள்ள கூம்புக்கும் நடுவே மெலிதாகக் கடைந்த கழுத்தில் ஒடிந்துவிடும். மிஞ்சும் கூம்பில் ஸ்பானர் பிடிக்காது. கோவை கணபதியில் லேத் போட்டிருக்கிறேன், கடைந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

பொள்ளாச்சி: எம்10 போல்ட் (10 மி.மீ. மரை), 25 நியூட்டன் மீட்டரில் ஒடியணுங்க. கழுத்து எவ்வளவு?

கம்பியின் இழுவிசை வலிமை 500 மெகாபாஸ்கல் என்றால் வெட்டு வலிமை அதில் சுமார் 60 சதவீதம், அதாவது 300. புத்தகத்தில் பை (π) என்ற 3.14-ஐ 16-ஆல் வகுக்கும் சூத்திரம் இருக்கும். அது மேல்தோல் இளகத் தொடங்கும் முறுக்கைத்தான் தரும். ஒடியும் நேரத்தில் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) கம்பி நடு வரை இளகியிருக்கும், அதனால் 12-ஆல் வகுங்கள், 0.26 வரும். 0.26 × 300 × விட்டத்தின் மும்மடி = 25,000. விட்டம் சுமார் 6.8 மி.மீ. வரும். மும்மடி என்பதால் 0.1 மி.மீ. தவறினாலே ஒரு நியூட்டன் மீட்டர் மாறும். மைக்ரோமீட்டர் இல்லாமல் இறங்காதீர்கள்.

பல்லடம்: அண்ணா, அப்படியே கடைந்தேன், 29-ல் தான் ஒடிகிறது.

உங்கள் கம்பி கணக்கைவிடக் கெட்டி, அவ்வளவுதான். 25-ஐ 29-ஆல் வகுத்து அதன் மும்மடி மூலம் எடுங்கள்: 0.95. 6.8-ஐ அதால் பெருக்கி, கழுத்தை 6.5-க்குக் கொண்டுவாருங்கள். அதே கம்பியில் ஐந்து போல்ட்டாவது ஒடித்துப் பார்க்கணும். கம்பி மாறினால் மறுபடியும். ஒடிந்த முகத்தையும் பாருங்கள். தட்டையாக, நடுவில் சுழி போட்டிருந்தால் நல்ல ஒடிவு. ஒரு பக்கம் சரிந்து கிழிந்திருந்தால் ஸ்பானர் சாய்ந்திருக்கிறது.

பெருந்துறை: மரைக்கு ஆயில் போட்டால் சீக்கிரம் ஒடியுமா?

ஒடியாதுங்க. ரெஞ்ச் தரும் முறுக்கு முழுவதும் கழுத்து வழியாகத்தான் கீழே இறங்குகிறது, அதனால் ஒடியும் அளவு மாறாது. மாறுவது பிடிப்பு. உலர்ந்த மரையில் 25-க்குச் சுமார் 12 கிலோநியூட்டன் இறுக்கம். ஆயில் போட்டால் 20-ஐத் தொடும். சாதா எம்.எஸ். போல்ட் அதில் நீண்டுவிடும், தலை ஒடிந்ததால் நமக்கும் தெரியாது. ஆயில் போடுவதென்றால் எப்போதும் போடுங்கள், அதற்கேற்ப கழுத்தைச் சிறிதாக்குங்கள்.

சூலூர்: ஸ்டெயின்லெஸ்?

வேண்டாம். முறுக்க முறுக்கக் கெட்டியாகும், மரையும் கடித்துக்கொள்ளும்.

உடுமலை: நாமே கழற்றணும்னா?

கூம்பின் நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, இடது சுற்று டிரில்லை மெதுவாக விடுங்கள். பாதி துளையிலேயே பெரும்பாலும் சுழன்று வந்துவிடும்.