தசை ஏற்றும் காலத்தில் இனிப்பு சாப்பிடலாமா?

70 கிலோ எடை, தினமும் 2,800 கலோரி, இரவில் கொஞ்சம் ஐஸ்கிரீம். இதனால் தசைக்குப் பதில் தொப்பை வந்துவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஐஸ்கிரீமை நிறுத்த வேண்டாம். கொழுப்பு சேர்வதை முக்கியமாகத் தீர்மானிப்பது மொத்தக் கலோரிதான், ஒரு தனி உணவு இல்லை. செலவாவதைவிட 300 கலோரி போல அதிகம் சாப்பிட்டாலே உங்களுக்குப் போதும்.

முதலில் புரதத்தைப் பாருங்கள். கிலோவுக்கு 1.6 கிராம் கணக்கில் உங்களுக்குச் சுமார் 112 கிராம் வேண்டும். அது தினமும் சேர்ந்துவிட்டால் இனிப்புக்கு நிச்சயம் இடம் உண்டு. சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் கணக்கில் அது 70 கிராம். குளிர்பானம், காபியில் போடும் சர்க்கரை எல்லாம் இதில் சேர்த்திதான், பலரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

சாக்லேட்டில் மட்டும் கவனம். பால் சாக்லேட் 100 கிராமிலேயே 500 கலோரிக்கு மேல், வயிறும் நிறையாது. அதனால் சாப்பாட்டுக்கு அப்புறம் சாப்பிடுங்கள், பசியோடு வேண்டாம்.

வாரம் 350 கிராமுக்கு மேல் எடை தொடர்ந்து ஏறினால் இனிப்பின் அளவை முதலில் குறையுங்கள். நீரிழிவு இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.