அம்மாவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 72. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, அல்சைமர் தொடக்கநிலை என்றார்கள். இப்போது மறதி கூடியிருக்கிறது. நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அறிய ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கலாமா? பெட் ஸ்கேன் இன்னும் தெளிவாகக் காட்டுமா?

பதில்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேண்டாம். இந்த நோயில் முதலில் சுருங்கும் பகுதிகளில் ஒன்று, புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ். மூளையின் இரு பக்கமும் ஒவ்வொன்று உண்டு; ஒன்றின் கொள்ளளவு சுமார் 3 மில்லி. முதுமையில் எல்லோருக்கும் ஆண்டுக்கு 1 சதவீதம் போலக் குறையும். அல்சைமரில் 3 முதல் 5 சதவீதம் வரை குறையும். ஆறு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு சொட்டுத் தண்ணீர் அளவுதான். தலை அசைந்தாலோ, வேறு மெஷினில் எடுத்தாலோ அதைவிடப் பெரிய வித்தியாசம் வந்துவிடும். அதைப் பார்த்து நீங்கள் வீணாகக் கலங்குவீர்கள்.

மருத்துவர் மறுபடி எடுக்கச் சொன்னால், குறைந்தது ஓராண்டு இடைவெளி விட்டு, முன்பு எடுத்த அதே மெஷினில் எடுங்கள். 1 மி.மீ. தடிமனில் 'டி1 த்ரீ-டி' படம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வழக்கமான 5 மி.மீ. படங்களை வைத்து அளவு ஒப்பிட முடியாது. ஃபிலிம் போதாது, பழைய ஸ்கேன் படங்கள் உள்ள குறுந்தகட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ரிப்போர்ட்டில் ஹிப்போகேம்பஸ் பகுதி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதைக் காட்ட 'எம்.டி.ஏ.' என்று 0 முதல் 4 வரை ஒரு மதிப்பெண் இருக்கலாம். 75 வயதுக்குள் 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் வயதுக்கு மீறிய சுருக்கம் என்று பொருள்.

இந்த நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தைக் காட்டும் பெட் ஸ்கேன், நோயை உறுதிசெய்ய உதவும். போக்கை அளக்க உதவாது. மறதி வெளியே தெரியும் முன்பே அமிலாய்டு பெரும்பாலும் படிந்துவிடுகிறது. மறதியோடு சேர்ந்து பரவுவது டாவ் என்ற இன்னொரு புரதம். அதற்கான பெட் எல்லா ஊரிலும் கிடைக்காது.

மாத்திரையைத் தானே எடுத்துப் போடுகிறாரா, சில்லறையைச் சரியாக எண்ணுகிறாரா, அடுப்பை அணைக்கிறாரா என்று மாதாமாதம் ஒரு நோட்டில் தேதியோடு குறித்துவையுங்கள். சிகிச்சையை மாற்ற என்னைப் போன்ற மருத்துவர்களுக்கு ஸ்கேனைவிட அந்த நோட்டுதான் அதிகம் உதவும்.

ஒன்று மட்டும் அவசரம். சில நாட்களிலேயே குழப்பம் திடீரென்று கூடினாலோ, நடை தள்ளாடினாலோ, எப்போதும் தூங்கி வழிந்தாலோ அதை அல்சைமர் என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, பக்கவாதம் எதுவும் இருக்கலாம். சில வாரங்களுக்கு முன்பு லேசாக விழுந்திருந்தால்கூட மண்டைக்குள் மெல்ல ரத்தம் கட்டியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்; விழுந்ததை மறக்காமல் சொல்லுங்கள்.