கிறீம் விட்டா தோல் காயுது, பழகிட்டுதா?

கேள்வி: அக்கா, எனக்கு தோல்ல ஒரு வருத்தமும் இல்ல, சும்மா நல்லா இருக்கட்டும் எண்டு கனகாலமா காலையும் இரவும் மொய்ஸ்சரைசர் பூசுறன். இப்ப ஒருநாள் விட்டாலும் கை கால் இழுக்குது. "பூசிப் பூசி தோலைப் பழுதாக்கிட்டாய், இனி தானா எண்ணெய் சுரக்காது" எண்டு அம்மா ஏசுறா. உண்மையா?
- வெள்ளவத்தை வாசகி

பதில்: எண்ணெய்க் கதைய விடுங்க தங்கச்சி, அது உள்ளுக்க ஹோர்மோன் பார்க்கிற வேலை, மேல பூசுறதால நிக்காது. இழுக்கிறது பெரும்பாலும் உங்கட பழைய தோல்தான், இவ்வளவு நாளும் கிறீம்ல மெத்தெண்டு இருந்ததால இப்ப காய்ஞ்ச மாதிரிப் படுது, அதோட பகல் முழுக்க ஒஃபிஸ் ஏசிக்க இருக்கிற ஆளெண்டா சொல்லவே வேணாம்.

ஆனா அம்மாவ முழுசா தள்ளவும் ஏலாது. தோலின்ட மேல்படை ஒரு மில்லிமீற்றர்ல 100ல ஒண்டு ரெண்டு பங்குதான் தடிப்பு, உடம்புத் தண்ணி வெளியேறாம மறிக்கிறது அதுதான். அதுக்கு என்ன நடக்கும் எண்டது நீங்க பூசுற கிறீமைப் பொறுத்தது. யூரியா போட்ட சில கிறீம் நல்ல தோலையும் இன்னும் பலமாக்கியிருக்கு, வேற சிலதைப் பூசின தோல் சவுக்காரத்துக்குக் கெதியா எரிஞ்சிருக்கு. 2010ல இங்கிலாந்தில பாத் பல்கலைக்கழக ஆக்கள், வருத்தமில்லாத கொஞ்சப் பேருக்கு அக்வஸ் கிறீம் எண்ட மொய்ஸ்சரைசரை 4 கிழமை பூசிப் பார்த்தா, மேல்படை மெலிஞ்சு தண்ணி கூடப் போயிருக்கு! அந்தக் கிறீமுக்குள்ள இருந்தது சோடியம் லோரில் சல்பேட், ஷாம்பு நுரைக்கப் போடுற அதே சாமான்.

அதால விலையப் பார்க்காம பின்னால இருக்கிற சின்ன எழுத்தைப் பாருங்க. கிளிசரின் இருந்து, வாசம் இல்லாட்டி நல்லம். கொழும்பு வேர்வைக்கு நெஞ்சு, முதுகெல்லாம் தேவையே இல்ல, குளிச்சு ஈரம் காய முதல் கை காலுக்கு மட்டும் மெல்லிசா, ஒருநேரம் காணும். சிவந்து கடிச்சா நிப்பாட்டிட்டு தோல் டொக்டரக் காட்டுங்க.

கேள்வி: தேங்காயெண்ணெய் காணாதா?
- கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: கை காலுக்குத் தாராளமா காணும் தம்பி. முகத்துக்கு வேணாம், பரு வாற ஆளெண்டா கூடும். அதுக்காக முகத்த வெள்ளையாக்கும் எண்டு, என்ன போட்டிருக்கெண்டே எழுதாத டப்பாவில விக்கிறதையும் வாங்கிடாதேங்க, அதுகள்ல பாதரசம் பிடிபட்டிருக்கு.