700 வெள்ளியைத் திருப்பிக் கேட்கும் முதலாளி

கேள்வி: அக்கா, என் கணவருக்கு 38 வயது. சிங்கப்பூரில், ஊபியில் பதினாறு பேர் வேலை பார்க்கும் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் ஆறு வருடமாக இபி-யில் (எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி) இருக்கிறார். மாதச் சம்பளம் 8,900 சிங்கப்பூர் வெள்ளி, டிசம்பரில் ஒரு மாத போனஸ். போன வாரம் இபி புதுப்பிப்பை நிராகரித்துவிட்டார்கள். இப்போதைய பாஸ் முடிய ஒன்பது வாரம் இருக்கிறது. “விதி மாறிவிட்டது, உன் சம்பளம் போதாது. பேப்பரில் 9,600 என்று போட்டு அப்பீல் செய்கிறேன், கூடுதல் 700-ஐ மாதாமாதம் ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிடு” என்கிறார் முதலாளி. தேக்கா பக்கம் ஓர் ஏஜெண்டோ 3,500 வெள்ளி கொடுத்தால் அப்பீல் நிச்சயம் கிடைக்கும் என்கிறார். நானும் மகனும் டிபி-யில் (குடும்பத்தாருக்கான சார்ந்தோர் பாஸ்) இருக்கிறோம், மகன் தொடக்கநிலை 3 படிக்கிறான். வக்கீல் வைத்துக் கோர்ட்டுக்குப் போகலாமா? உடனே பிஆர் (நிரந்தரவாசம்) போட்டால் தப்பிக்கலாமா? அவர் இன்னும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.
— பெயர் வேண்டாம், செங்காங்

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கையெழுத்துப் போடவில்லை அல்லவா? போட வேண்டாம்.

முதலாளி கேட்பது சின்ன உதவி மாதிரித்தான் தெரியும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வேலை அனுமதி விண்ணப்பத்தில் பொய்த் தகவல் தந்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வேலை தருவதற்காகவோ வேலையில் தொடர விடுவதற்காகவோ வெளிநாட்டு ஊழியரிடம் பணம் வாங்கினால் முதலாளிக்கு 30,000 வெள்ளி வரை அபராதம், அதே இரண்டு ஆண்டு சிறை. முதலாளி மாட்டினால் கம்பெனியை மூடிவிட்டு வேறு பெயரில் இன்னொன்று திறப்பார். உங்கள் கணவருக்கு இந்த ஊர்க் கதவு மூடிவிடும்.

நான் இருபது வருடத்துக்கு மேல் சிறிய நிறுவனங்களில் ஆள்சேர்ப்பு மேசையில் உட்கார்ந்தவள். ஒருமுறை ஒருவர் பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்தார். உள்ளே முழுக்க ஏடிஎம் ரசீதுகள். சம்பளம் ஏறிய மறுநாளே 600 வெள்ளி எடுத்திருக்கிறார், மாதம் தவறாமல், பதினேழு மாதம். முதலாளிக்கு எதிராக ஆதாரம் சேர்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார், பாவம். அவருக்கும் அதில் பங்கு உண்டு என்பதற்கான ஆதாரமும் அதே டின்னில்தான் இருந்தது.

சரி, என்ன மாறியது? உங்கள் கணவர் கடைசியாகப் புதுப்பித்தபோது பார்த்த விதிகள் வேறு. அதற்குப் பிறகு இரண்டு மாற்றங்கள் வந்துவிட்டன. ஒன்று, குறைந்தபட்சச் சம்பளம். 2025 ஜனவரி முதல் புதிய இபி விண்ணப்பங்களுக்கு அது 5,600 வெள்ளி, நிதித்துறைக்கு 6,200. 2026 ஜனவரி முதல் காலாவதியாகும் பாஸ்களைப் புதுப்பிக்கும்போதும் இதே கணக்குதான். பலர் இந்த 5,600-ஐ மட்டும் பார்த்துவிட்டு ‘நமக்கென்ன கவலை’ என்று இருந்துவிடுகிறார்கள். அது 23 வயதுப் பையனுக்கான தொகை. வயதோடு அது ஏறிக்கொண்டே போய் 45 வயதில் 10,700-இல் நிற்கும். 22 வருடத்தில் 5,100 வெள்ளி ஏற்றம், அதாவது வருடத்துக்குச் சுமார் 230. 38 வயதுக்குப் போட்டுப் பாருங்கள், 9,000-ஐக் கொஞ்சம் தாண்டும். உங்கள் வீட்டுச் சம்பளம் 8,900. கிட்டத்தட்ட இருநூறு வெள்ளியில் விழுந்திருக்கிறார்.

இப்போது அந்த 700-க்கு வருவோம். பொய் சொல்லாமலே அதை வாங்க ஒரு வழி இருக்கலாம். மனிதவள அமைச்சு கணக்கில் எடுப்பது நிலையான மாதச் சம்பளத்தை: அடிப்படைச் சம்பளமும், மாதாமாதம் மாறாமல் வரும் படிகளும். போனஸ், பதின்மூன்றாம் மாதச் சம்பளம், ஓவர்டைம், கமிஷன் எதுவும் சேராது. டிசம்பரில் வரும் ஒரு மாத போனஸை உடைத்துப் பன்னிரண்டு மாதத்துக்கும் பரப்பினால் மாதத்துக்கு 741 வெள்ளி கூடும். 8,900 என்பது 9,641 ஆகும். முதலாளி பேப்பரில் எழுத நினைத்த தொகையைவிட அதிகம், அவருக்கு வருடத்தில் ஒரு காசும் கூடுதல் செலவில்லை! வேலை ஒப்பந்தத்தை முறையாகத் திருத்தி, அந்தத் தொகையை மாதாமாதம் வங்கியில் போட வேண்டும், அவ்வளவுதான். டிசம்பரில் மொத்தமாகக் கைக்கு வரும் பணம் இருக்காது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். தீபாவளிக் கடனை அதை நம்பி வாங்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர்.

ஆனால் இது முதல் படிதான். இரண்டாவது மாற்றம் காம்பஸ் புள்ளிகள். புதிய விண்ணப்பங்களுக்கு 2023 செப்டம்பரிலும் புதுப்பிப்புகளுக்கு 2024 செப்டம்பரிலும் நடப்புக்கு வந்தது. 40 புள்ளி வேண்டும். சம்பளம், படிப்பு, நிறுவனத்தில் எத்தனை நாட்டவர் கலந்திருக்கிறார்கள், உள்ளூர்வாசிகளுக்கு எவ்வளவு வேலை தருகிறார்கள் என்று நான்கு அடிப்படைக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் 0, 10 அல்லது 20 கிடைக்கும். நிபுணர், மேலாளர், நிர்வாகி வகை ஊழியர்கள் 25 பேருக்குக் குறைவாக இருக்கும் நிறுவனத்துக்குக் கடைசி இரண்டு கட்டங்களிலும் தலா 10 தானாகவே வரும். ஆக உங்கள் கணவரின் கணக்கில் 20 ஏற்கெனவே இருக்கிறது. மிச்சம் 20 சம்பளத்திலும் படிப்பிலும் வர வேண்டும்.

படிப்பில்தான் நிறையப் பேர் தேவையில்லாமல் கோட்டை விடுகிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட பட்டத்துக்கு 10 புள்ளி உண்டு. அதற்குப் பட்டத்தை விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும், அது உண்மையானது என்று சரிபார்த்த சான்றையும் இணைக்க வேண்டும். பழைய நினைப்பில் “பட்டம்தான் முன்பே கொடுத்தாயிற்றே” என்று அந்தப் பெட்டியைக் காலியாக விட்ட எச்ஆர்களை நான் பார்த்திருக்கிறேன். காலிப் பெட்டிக்கு 0. திருச்சியிலோ மதுரையிலோ படித்தவர் என்றால் பல்கலைக்கழகத்திலிருந்து சரிபார்ப்பு வந்து சேர நாளாகலாம், அதை இந்த வாரமே தொடங்கச் சொல்லுங்கள்.

சம்பளக் கட்டத்தில் 10 வாங்க, அதே துறையில் அதே வயதிலுள்ள உள்ளூர் நிபுணர்களில் 65 விழுக்காட்டினருக்கு மேல் வாங்குகிறவராக இருக்க வேண்டும். துறைவாரியாக, வயதுவாரியாக அட்டவணை அமைச்சின் இணையத்தளத்தில் இருக்கிறது. அங்கேயே வயது, சம்பளம், படிப்பைப் போட்டுப் பார்க்கும் சுயமதிப்பீட்டுக் கருவியும் இருக்கிறது, காசு கிடையாது. போக்குவரத்துத் துறை வரிசையில் 9,641 நுழைகிறதா என்று இன்றிரவே பாருங்கள். நுழைந்தால் அப்பீல் செய்ய அர்த்தம் இருக்கிறது. நுழையாவிட்டால் 30 புள்ளியோடு நிற்பீர்கள். அவர் வேலை பற்றாக்குறைத் தொழில்கள் பட்டியலில் இருந்தால் கூடுதலாக 20 வரை கிடைக்கலாம், அதையும் ஒரு கண் பாருங்கள்.

இங்கே பலருக்குப் புரியாத ஒன்று உண்டு. இந்த அப்பீல் உங்கள் கணவருடையது இல்லை, நிறுவனத்துடையது. விண்ணப்பித்த நிறுவனமோ அது அமர்த்திய உரிமம் பெற்ற முகவரோதான் போட முடியும், அதுவும் நிராகரித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். நிராகரிப்புக்கான காரணமும் நிறுவனத்துக்குத்தான் போகும். “சம்பளம் போதாது” என்று முதலாளி வாயால் சொன்னதை நம்பி உட்காராமல், அந்தக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அதில் எழுதியிருக்கும் காரணத்துக்குப் பதில் இல்லாத அப்பீல் திரும்பித்தான் வரும். ‘நல்ல ஊழியர், குடும்பஸ்தர், ஆறு வருட உழைப்பு’ என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பிய கடிதங்களை நானும் ஒரு காலத்தில் தட்டச்சு செய்திருக்கிறேன். ஒன்றுகூட வேலைக்கு ஆகவில்லை. தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போய்க் கடிதம் வாங்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். கடிதத்தால் புள்ளி கூடாது.

மூன்று மாதம் இருக்கிறதே என்று மெத்தனமாகவும் இருக்க வேண்டாம். பாஸ் முடிய ஒன்பது வாரம்தான். அப்பீல் முடிவு வரவும் வாரக்கணக்கில் ஆகும்.

அதனால் இன்னொரு வழியையும் கூடவே நகர்த்துங்கள்: எஸ் பாஸ், அதாவது இபி-க்கு ஒரு படி கீழே இருக்கும் வேலை அனுமதி. இதைச் சொன்னாலே ஆண்களுக்கு முகம் சுருங்கும், இபி-யிலிருந்து இறங்குவதாம். இறங்கட்டும், அதனால் என்ன? எஸ் பாஸுக்குக் காம்பஸ் புள்ளி கிடையாது. 2025 செப்டம்பர் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 3,300, வயதோடு ஏறி 45-இல் 4,800. 8,900 தாராளம். முக்கியமானது, எஸ் பாஸில் இருப்பவரும் குறைந்தது 6,000 வெள்ளி நிலையான மாதச் சம்பளம் வாங்கினால் மனைவிக்கும் பிள்ளைக்கும் டிபி கேட்கலாம். நீங்களும் மகனும் இருக்கிற மாதிரியே இருக்க வழி பிறக்கும்.

சிக்கல் நிறுவனத்தின் பக்கம். சேவைத் துறையில் மொத்த ஊழியர்களில் 10 விழுக்காடுதான் எஸ் பாஸ். பதினாறு பேர் என்றால் அதிகபட்சம் ஓர் இடம். அதில் வேறு யாராவது ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால் அவ்வளவுதான். இடம் இருந்தால் மாதம் 650 வெள்ளி தீர்வையை முதலாளி கட்ட வேண்டும். அந்தத் தீர்வையை ஊழியர் சம்பளத்தில் பிடிப்பதும் குற்றம், உங்கள் முதலாளிக்கு அந்த யோசனை வரும் என்பதால் சொல்லி வைக்கிறேன். பத்துப் பேருக்கு மேல் இருக்கும் நிறுவனம் என்பதால் வேலையை முதலில் மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்க வேலைவாய்ப்புத் தளத்தில் 14 நாள் விளம்பரம் செய்தாக வேண்டும். அப்புறம் விண்ணப்பம், அப்புறம் காத்திருப்பு. நாள்காட்டியை வைத்து எண்ணினால் ஒன்பது வாரத்துக்குள் முடியும், நாளையே தொடங்கினால்.

வேறு நிறுவனமும் தேடட்டும். புதிய முதலாளி இபி-க்கு விண்ணப்பிக்கப் பழைய முதலாளியின் சம்மதம் தேவையில்லை. இதைத் தெரியாமல் பயந்து கிடப்பவர்கள் அதிகம்.

தேக்கா ஏஜெண்ட் விஷயத்தில் நேரத்தை வீணாக்காதீர்கள். உரிமம் பெற்ற முகவரா என்று அமைச்சின் தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். உரிமம் இருந்தாலும் ‘நிச்சயம்’ என்ற சொல்லை விற்க அவரிடம் சரக்கு இல்லை.

கோர்ட்டுக்குப் போவதைக் கேட்டீர்கள். பிஆர், விசிட் பாஸ் போன்றவை 1959ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அதன் 39ஏ பிரிவு, அமைச்சரோ கட்டுப்பாட்டு அதிகாரியோ எடுத்த முடிவை நீதிமன்றம் மறுபரிசீலனை செய்ய முடியாது என்கிறது, சட்டம் சொல்லும் நடைமுறையைப் பின்பற்றினார்களா என்ற கேள்வியைத் தவிர. வேலை பாஸ் 1990ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தில் வருகிறது என்றாலும் நடைமுறையில் உங்களுக்கிருக்கும் வழி அமைச்சிடம் அப்பீல்தான். ‘விதி மாறியது நியாயமா’ என்று வாதாட வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் வீண். ஆனால் இதற்கு முன்பே ஏதாவது பொய்த் தாளில் கையெழுத்தாகியிருந்தால், அல்லது அமைச்சிலிருந்து விசாரணைக்கு அழைப்பு வந்தால், வாக்குமூலம் கொடுப்பதற்கு முன் வக்கீலைப் பாருங்கள். அங்கே பணம் செலவழிப்பதில் தப்பில்லை. சம்பளப் பாக்கி, நோட்டீஸ் காலச் சம்பளம் தராமல் இழுத்தடித்தால் வக்கீலே வேண்டாம், டிஏடிஎம் என்ற முத்தரப்பு அமைப்பில் மனுப் போடலாம். வேலையை விட்ட ஆறு மாதத்துக்குள் போட வேண்டும்.

பிஆர் ஒரு குடை இல்லை. முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். விண்ணப்பம் போட்டிருப்பதால் மட்டும் முடிந்த பாஸ் நீளாது. ஆளுக்கு 100 வெள்ளி கட்டணமும் திரும்ப வராது. போட விருப்பம் இருந்தால் அடுத்த பாஸ் கைக்கு வந்ததும் போடுங்கள். போடும்போது மகனைப் பற்றி இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். பெற்றோரோடு சேர்ந்து பிஆர் ஆகும் பையன் பின்னால் தேசிய சேவை செய்ய வேண்டும். ஒன்பது வயதில் அது தூரமாகத் தெரியும். பிஆர் வாங்கிவிட்டு, சேவைக்கு முன் அதைத் துறந்தால், பிறகு அவன் இங்கே படிக்கவோ வேலைக்கோ வர நினைக்கும்போது அது குறுக்கே நிற்கும்.

எல்லாம் கைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், இரவில் தூக்கம் வர அதுவும் உதவும். நிராகரிப்பு வந்ததால் இப்போதுள்ள பாஸ் செல்லாமல் போகாது, அதன் கடைசி நாள் வரை அவர் வேலை செய்யலாம். பாஸை ரத்து செய்யும்போது பொதுவாக 30 நாள் குறுகியகாலப் பாஸ் கிடைக்கும், குடும்பத்துக்கும் சேர்த்து. வேலையை விடுகிறவரின் வரிக் கணக்கை முடிக்க நிறுவனம் ஐஆர்21 படிவம் அனுப்பி, அதுவரை கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைக்கும். ஏமாற்று இல்லை, வெளிநாட்டு ஊழியருக்குப் பொதுவாக அப்படித்தான். ஆனால் அந்த மாதம் கையில் காசு இருக்காது, இரண்டு மாதச் செலவுக்காவது இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

மகனின் பள்ளியில் அவசரப்பட்டு விலகல் கடிதம் கொடுத்துவிடாதீர்கள். வெளியே போய்த் திரும்பி வந்தால் வெளிநாட்டு மாணவருக்கான நுழைவுத் தேர்வு எழுதித்தான் இடம் வாங்க வேண்டியிருக்கும். பிறகு வீட்டு வாடகை ஒப்பந்தம். அலமாரியில் எங்கேயோ கிடக்கும், எடுத்து ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’ என்ற பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் முதல் வருடம் முடிந்த பிறகு, பாஸ் போனவர் இரண்டு மாத நோட்டீஸில் வெளியேறலாம் என்று இருக்கும். இரண்டு மாதம் என்றால் எட்டரை வாரம். உங்களுக்கு மிச்சமிருப்பது ஒன்பது, இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது இன்னும் குறைந்திருக்கும். வீட்டு உரிமையாளருக்கு எப்போது எழுதுவது என்பதை எஸ் பாஸ் இடம் இருக்கிறதா இல்லையா என்று முதலாளி சொல்லும் பதிலை வைத்து முடிவு செய்யுங்கள். அந்தப் பதிலை இந்த வெள்ளிக்கிழமைக்குள் வாங்கச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் இல்லை, மின்னஞ்சலில்.