ஜி ஃபிளாட் ஏன் எஃப் ஷார்ப்பாக மாறுகிறது?

வணக்கம். ஜி ஃபிளாட் என்று எழுதிச் சேமித்த சுரம், கோப்பை மீண்டும் திறக்கும்போது உங்கள் நிரலில் எஃப் ஷார்ப்பாகத் தெரிவதாகக் கேட்டிருந்தீர்கள். சுருதியை 66 என்ற மிடி எண்ணாக (மின்னணு இசைக்கருவிகளும் கணினிகளும் பயன்படுத்தும் சுர எண்) மட்டும் வைத்திருப்பதே காரணம். பியானோவில் இந்த இரண்டு சுரங்களுக்கும் ஒரே விசைதான்; அந்த எண் எந்த விசை என்பதைச் சொல்லுமே தவிர, சுரத்தின் பெயரைச் சொல்லாது. மியூசிக்எக்ஸ்எம்எல் (இசைக் குறிப்புகளைச் சேமிக்கும் கோப்பு வடிவம்) செய்வதுபோல் எழுத்து, மாற்றம் (ஷார்ப் என்றால் +1, ஃபிளாட் என்றால் -1), ஆக்டேவ் (ஸ்தாயி) ஆகிய மூன்றையும் தனித்தனியே சேமியுங்கள்: ஜி, -1, 4. இவற்றிலிருந்து 66-ஐ ஒலிக்கும் நேரத்தில் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் இப்போதே கவனித்துவிடுவது நல்லது. தாளில் தெரியும் ஷார்ப், ஃபிளாட் குறிகளை இந்த மாற்றத்தோடு ஒன்றாக்கிவிடாதீர்கள். ஜி மேஜர் என்ற சுரவரிசையில் வரும் எஃப் சுரத்துக்கு மாற்றம் +1 தான் என்றாலும், வரியின் தொடக்கத்திலேயே ஷார்ப் குறி இருப்பதால் அதன் பக்கத்தில் வழக்கமாக எந்தக் குறியும் வராது.