காதலும் கடியும்: கைக்காசில் சொம்பிப் படம் (கேள்வி பதில்)

மட்டக்களப்பில குறும்படங்களுக்கு ஒப்பனையும் எடிட்டிங்கும் செய்யிறன். சொம்பிப் படம், அதாவது செத்தவங்க எழும்பி வாற படம், மூண்டு தொடங்கி ஒண்டை முடிச்சிருக்கன். மற்ற ரெண்டும் ஏன் நிண்டுபோச்சு எண்டதுதான் எனக்கு வடிவாத் தெரிஞ்ச விசயம். காதலும் பயமும் கலந்த படம், குறைஞ்ச செலவு, இதுகளைப் பற்றிக் கேளுங்க. எந்தக் கமரா வாங்குற எண்டு மட்டும் கேக்காதீங்க.

ஏறாவூர்: அண்ணன், எந்தப் போன் வாங்கினா படம் எடுக்க நல்லம்?

சொல்லி வாய் மூடல்ல. கையில இருக்கிற போன் போதும். டானி பாயில் 2002இல வந்த '28 டேஸ் லேட்டர்' படத்தைப் பெரும்பாலும் கெனன் எக்ஸ்எல்1 எண்ட, சின்ன டிஜிட்டல் நாடாவில பதியிற கமராவிலதான் எடுத்தார். உங்கட போனில அதை விடத் துல்லியம் கூட. மிஞ்சிற காசுக்கு மைக் வாங்குங்க. காதல் காட்சி இருட்டா இருந்தா சனம் பொறுக்கும். கதைக்கிறது கேக்காட்டி எழும்பிப் போயிடும்.

கல்லடி: எங்கட கதையில பாதி காதல், பாதி சொம்பி. வாசிச்சவங்க ரெண்டு படம் மாதிரி இரிக்கு எண்டுறாங்க. எப்பிடி ஒட்டுற?

நீங்க ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில வச்சிருக்கிறீங்க. பத்து நிமிசம் வாவிக்கரையில இருந்து கதைக்கிறாங்க, மறுகா பத்து நிமிசம் ஓடுறாங்க. சொம்பி வெளியில இருந்து வாற கரைச்சல், அவ்வளவுதான். ஒரு சோதனை செய்து பாருங்க. சொம்பி வாற இடமெல்லாம் விசர்நாய் எண்டு மாத்தி எழுதுங்க. கதை அப்பவும் ஓடுதெண்டா அது சொம்பிக் கதை இல்ல.

பயம் காதலுக்குள்ள இருந்தே வரோணும். 1932இல 'ஒயிட் சொம்பி' எண்டு ஒரு அமெரிக்கப் படம் வந்தது. 11 நாளில எடுத்து முடிச்சது எண்டு சொல்லுவாங்க. கதை நடக்கிறது ஹெயிட்டியில. ஒரு தோட்ட முதலாளி, இன்னொருத்தனைக் கட்ட வந்த பிள்ளையில ஆசைப்பட்டு, மந்திரவாதிட்டப் போய் மருந்து வாங்குறான். அவள் செத்துப்போறாள், புதைக்கிறாங்க, எழுப்பிக் கொண்டு வாறாங்க. மந்திரவாதிட மாளிகையில இருந்து பியானோ வாசிக்கிறாள். தோட்ட முதலாளிக்குக் கேட்டது கிடைச்சிட்டு. ஆனா கண்ணுக்குள்ள ஆள் இல்ல. நகை எடுத்துப் போட்டுவிடுறான், அதுக்கும் ஒரு அசைவு இல்ல. அந்த இடத்திலதான் அவனுக்கு நெஞ்சு பதறுது. கடி இல்ல, குடல் இல்ல.

இதை வாசிக்கிற மட்டக்களப்பாருக்கு இப்ப சிரிப்பு வந்திருக்கும். மட்டக்களப்புக்குப் போனா பாயோட ஒட்டவச்சிடுவாங்க எண்டு யாழ்ப்பாணத்தார் சொல்லுற கதையும் இதுதானே. அங்கயிருந்து உத்தியோகத்துக்கு வந்தவன் இங்கயே கலியாணம் கட்டி நிண்டுட்டான், காரணம் எங்கட பொம்பிளையள்ட வசிய மருந்தாம். எங்கட மீன்குழம்பைப் பற்றி ஒருத்தரும் யோசிக்கல்ல. சரி, கோபப்படாம அதைக் கதையா எடுங்க. மருந்து குடுத்தவள் ஒருநாள் விடியக்காலமை எழும்பிப் பாக்கிறாள். பக்கத்தில படுத்திருக்கிறவன் தன்னில ஆசைப்பட்டு இரிக்கிறானா, மருந்தில இரிக்கிறானா? மருந்தை நிப்பாட்டிப் பாத்தாத்தான் தெரியும். நிப்பாட்டப் பயம். ஒரு வீடு, ஒரு பாய், ரெண்டு நடிகர். இதுக்குள்ள விசர்நாயைப் போட ஏலாது.

செங்கலடி: இரத்தம் எப்பிடிச் செய்யிற? சீனிப்பாகு சரியா?

சரி, எறும்பு வந்தாப் பரவாயில்ல எண்டா. என்ட ரெண்டாவது படம் நிண்டது அதாலதான். மாமரத்துக்குக் கீழ பிணமாக் கிடந்த பொடியனை முசுறு மொய்ச்சிட்டு. பிணம் எழும்பி ஓடினது, அது கதையில இல்லாத காட்சி. கோர்ன்ஃப்ளவரைத் தண்ணியில கரைச்சுக் காய்ச்சி ஆறவிட்டு, சிவப்புக் கலரிங்கும் கொஞ்சம் கொக்கோத் தூளும் போடுங்க. கொக்கோ போடாட்டிச் சர்பத் மாதிரி இருக்கும். சாறியில பட்டாப் போகாது, இரவல் சாறி வேணாம்.

ஜெலற்றினில செய்யிற பொய்க்காயம் எங்கட வெயிலுக்குச் சரிவராது. 35 பாகைக்குக் கிட்ட வந்தாலே இளகும், மே மாசம் நடிகர்ட கன்னம் நாடியில தொங்கும். கறுப்பு வெள்ளையில எடுத்தா இந்தப் பாடெல்லாம் குறையும். 1968இல வந்த 'நைட் ஒஃப் த லிவிங் டெட்' படத்தை ஜோர்ஜ் ரொமேரோ எடுக்கேக்க இரத்தத்துக்கு ஊத்தினது சொக்லட் சிரப்.

அக்கரைப்பற்று: சொம்பிக் கண்ணுக்கு வெள்ளை லென்ஸ் ஒன்லைனில 900 ரூபாய்க்கு இரிக்கு. எடுக்கவா?

வேணாம். அளவு பாக்காத லென்ஸ் கருவிழியை உரசும், கிருமி வந்தாப் பார்வை போகும். ஒரு லென்ஸை நாலு பேர் மாத்தி மாத்திப் போடுற கூத்தையும் கண்டிருக்கன். வேணாம். கண்ணைச் சுத்திக் கரியும் சாம்பலும் பூசி, நடிகரைக் கண் வெட்டாம இருக்கச் சொல்லுங்க. கண் வெட்டாத முகத்துக்கு லென்ஸ் தேவையில்ல.

கொக்கட்டிச்சோலை: பொடியனுகள் சொம்பி மாதிரி நடந்தாச் சிரிப்பு வருது.

எல்லாரும் ஒரே படத்தைப் பாத்துக் கையை நீட்டிக்கொண்டு நடப்பாங்க, வேற என்ன. கூத்து ஆடுற படுவான்கரையில இருந்துகொண்டு இதை என்னட்டக் கேக்கிறீங்களே! கூத்து ஆடின ஒருத்தரைக் கூட்டி வாங்க. ஒரு தாளக்கட்டைச் சொல்லி அதுக்கு ஆடவிடுங்க. மறுகா அதில ஒரு அடியை விழுங்கச் சொல்லுங்க, ஒவ்வொருத்தரும் வேற வேற அடியை. உடம்புக்குத் தாளம் ஞாபகம் இரிக்கு, ஆனா கால் தவறுது. ஒருகாலம் மனிசனா இருந்தது எண்டு அந்த நடையிலயே விளங்கும்.

மாமா கூத்துக்கு ஒப்பனை செய்தவர். கூத்தில ரெண்டு வகை, வடமோடியில பெரும்பாலும் போர்க்கதை, தென்மோடியில காதல்கதை எண்டு சொல்லித் தருவார். ரெண்டையும் ஒரே களரியில கலந்தா, கூத்துப் பழக்கிற அண்ணாவியார் மத்தளத்தாலயே அடிப்பார். நாங்க கலக்கிறம். அதால எந்த இடத்தில எது முன்னுக்கு நிக்குது எண்டாவது தெரிஞ்சிருக்கோணும்.

வாழைச்சேனை: நல்ல கமரா எது அண்ணன்?

மேல பாருங்க.

இன்னொருத்தர்: தமிழில முதல் சொம்பிப் படம் எது?

2016இல வந்த 'மிருதன்' எண்டு சொல்லுறாங்க. போன்ல தேடினா வாற விசயத்தை என்னட்டக் கேக்காதீங்க.

காத்தான்குடி: கட்டிப்பிடிக்கிறது, முத்தம் எல்லாம் எங்கட ஊரில எடுக்க ஏலா. நடிக்கவும் ஒருத்தரும் வராங்க. அப்ப காதலை எப்பிடிக் காட்டுற?

சோறு தீத்துங்க.

பகிடி இல்ல. அவனுக்குக் கடி விழுந்திட்டு, கை நடுங்குது, தானாச் சாப்பிட ஏலா. அவள் பிசைஞ்சு வாயில வைக்கிறாள். முதல் வாய் சரி. ரெண்டாவது வாய்க்குப் பல்லு விரலில தட்டுது. அவள் அவன்ட முகத்தைப் பாக்கிறாள். மூண்டாவது வாய்க்குப் பிசையிறாள். இதை வெட்டாம ஒரே ஷொட்டில எடுங்க, பாட்டுப் போடாதீங்க. முத்தம் குடுக்கிற தூரமும் கடிக்கிற தூரமும் ஒண்டுதான். எங்கட வீடுகளில அந்தத் தூரத்துக்குள்ள ரெண்டு பேர் வாறது சோத்துக் கோப்பைக்கு முன்னாலதான். மொத்தச் செலவு ஒரு பார்சல்.

கல்முனை: நூறு சொம்பி வேணும், பத்துப் பேர்தான் இரிக்கிறாங்க.

பத்துப் பேர் மிச்சம் கூட. பிரிட்டனில 'கொலின்' எண்டு 2008இல ஒரு படம், செலவு 45 பவுண் எண்டு சொன்னாங்க. கதாநாயகனே சொம்பி, கமரா அவனுக்குப் பின்னால போகுது. நீங்க சனத்தை ஒளிச்சு எடுங்க. முன்னுக்கு வேலிக் கதியால், அதுக்குப் பின்னால மங்கலா மூண்டு பேர், மற்றதுக்குச் சத்தம். பிரேமைத் தாண்டினவர் கமராவுக்குப் பின்னால ஓடி, சேட்டை மாத்திக்கொண்டு திரும்ப வரட்டும். ரோட்டில எடுக்கிறதெண்டா கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் முதலே சொல்லுங்க. பொம்மைத் துவக்கு வேணவே வேணாம். அந்த வழியாச் சைக்கிளில வாற வயசான ஆள் அதைக் கண்டு என்ன நினைப்பார் எண்டு யோசியுங்க.

நாவலடி: அண்ணன், என்ட கதையில 2004 டிசம்பர் 26 கடல் கொண்டுபோன மாப்பிள்ளை இருவது வருசத்துக்குப் பிறகு கடலில இருந்து நடந்து வாறான். பொண்டாட்டி அதே வளவிலதான் இரிக்கிறா. சொம்பிப் படமா எடுக்கலாமா?

வேணாம் எண்டு எழுதிப்போட்டு அழிச்சிட்டன் தங்கச்சி.

சொம்பிப் படத்தில ஒரு விதி இரிக்கு: எழும்பி வந்தது ஆள் இல்ல, தலையில அடிச்சாச் சரி. ரொமேரோட படத்திலயும் செத்த அண்ணன் கடைசியில கூட்டத்தோட வந்து தங்கச்சியை இழுத்துக்கொண்டு போறான். அமெரிக்காவில அது பயம். கல்லடியில ஒரு மண்டபத்தில போட்டா, ரெண்டாவது வரிசையில இருக்கிறவட புருசனை அந்தக் கடல் திருப்பித் தரல்ல. அவவுக்கு முன்னால அவன்ட தலையில அடிப்பீங்களா?

காரைதீவு (இடையில): சொம்பி வெளியூர்ச் சரக்கு. பேய் எண்டு எடுங்க. எங்கட பேய்க்கு ஒரு கோரிக்கை இருக்கும், அதைக் குடுத்தாப் போயிடும். சொம்பிக்கு என்ன இரிக்கு, பசி மட்டும்தானே?

கல்முனை: அதுதானே பயம்! பேயெண்டா கேட்டதைக் குடுத்து அனுப்பலாம். இவன் ஒண்டும் கேக்க மாட்டான். வந்து வீட்டு முற்றத்தில நிப்பான்.

கல்முனைக்காரர் சொன்னதில என்ட "வேணாம்" பாதி கரைஞ்சிட்டு. வந்து வீட்டு முற்றத்தில நிக்கிறான். சாப்பிட்டியா எண்டு கேட்டாப் பதில் இல்ல. இது எடுக்கலாம். காரைதீவு சொன்ன "வெளியூர்ச் சரக்கு" மட்டும் சரியில்ல. ஹெயிட்டியில சொம்பி எண்டது கடிக்கிற பிராணி இல்ல, செத்தும் விடுதலை இல்லாமத் தோட்டத்தில வேலை செய்யிற ஆள். அடிமைகளா இருந்தவங்கட பயம் அது. துக்கத்தில இருந்து வந்த கதையை இன்னொரு துக்கம் கடன் வாங்கினாக் குற்றமில்ல.

மருதமுனை: எங்கட பக்கமும் அண்டைக்கு மிச்சம் பேர் போனாங்க. ஒவ்வொரு டிசம்பருக்கும் கமரா வரும், அழச் சொல்லும், போகும். இந்தத் தங்கச்சி பயமா எடுத்தா எனக்குப் பரவாயில்ல. அழுகையா மட்டும் எடுக்காதீங்க.

இதுக்கு என்னட்டப் பதில் இல்ல.

காரைதீவு: அப்ப வெள்ளை வான் வண்டியில ஏத்திக்கொண்டு போன ஆக்கள் திரும்பி வாறதா எடுங்களன். அதுதான் இன்னும் பெரிய கதை.

இல்ல. இதில நான் அசைய மாட்டன். சொம்பி எண்டா முதல் செத்திருக்கோணும். காணாமல் ஆக்கப்பட்டவங்கட அம்மாமார் இண்டைக்கும் படத்தைப் பிடிச்சுக்கொண்டு ரோட்டில இருக்கிறது, செத்திட்டான் எண்டு தாங்க சொல்லமாட்டம் எண்டுதான். அந்தச் சொல்லை அவங்களுக்குப் பதிலா ஒரு குறும்படம் சொல்ல ஏலா. இதுக்கு மேல இஞ்ச விவாதம் வேணாம்.

திருக்கோவில்: சேர், படம் எடுக்க எந்த கமரா...

மைக்.

பொத்துவில்: வெள்ளை லென்ஸ் ஒரு நாளைக்கு மட்டும் போட்டா...

வேணாம்!

நாவலடி: அண்ணன், இருந்து எல்லாத்தையும் வாசிச்சன். தலையில அடிக்கிற காட்சியை வெட்டிட்டன். அவ கேற்றைத் திறக்கல்ல. ஆனா ஒவ்வொரு நாளும் பின்னேரம் வேலிக்கு மேலால அவனுக்குச் சோறு தீத்துறா. அதுக்குப் பிறகு என்ன நடக்கிறதெண்டு எனக்குத் தெரியல்ல.

எத்தினாவது நாள் கை நழுவி அவன்ட கன்னத்தில படுது எண்டு முதல் எழுதுங்க, மற்றது தானா வரும். நவம்பருக்கு முன்னம் எடுங்க, மாரி தொடங்கினா ஒப்பனை நிக்காது. கடற்கரையில குரலை அந்த இடத்திலயே பதிய ஏலா, அலை விடாது. அவ கதைக்கிறதை வீட்டுக்குள்ள வச்சுத் தனியாப் பதியுங்க. உப்பில ஊறின தோலுக்கு அரிசிமாவும் கோப்பித் தூளும் போதும். நான் வந்து பூசித் தாறன், பஸ் காசு மட்டும் தந்தாச் சரி.